ஒரு காது கேட்காதவர்களுக்கு எலும்புவழிக் கருவி: ஆபரேஷனுக்கு முன் தலைப்பட்டையில் போட்டுப் பாருங்கள்

தி.நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கும் பெண் என்னிடம் வந்தார். வலது காது சுத்தமாகக் கேட்காது. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கிறது. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிட்டார்கள், வீக்கம் வற்றியது, எல்லாரும் மறந்துவிட்டார்கள். பத்தாவது படிக்கும்போது போனை வலது காதில் வைத்தபோதுதான் அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை என்பது அவருக்கே தெரிந்தது.

கடையில் அவருக்குத் திமிர் பிடித்தவர் என்று பெயர். வலது பக்கம் நின்று யாராவது கூப்பிட்டால் திரும்ப மாட்டார். "எத்தனை தடவை கூப்பிடறது" என்று சூப்பர்வைசரிடம் புகார் போகும். வீட்டிலோ, "அதான் இன்னொரு காது நல்லா இருக்கே" என்பார்கள். செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டாக இந்த வாக்கியத்தை நான் கேட்காத வாரமே இல்லை.

ஒரு காது போனால் பாதிதான் போகிறது என்று நினைத்துவிடக் கூடாது. வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலி வலது காதை முதலில் தொடும், இடது காதை ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான நேரம் கழித்துத் தொடும். அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் ஆட்டோ எந்தப் பக்கம் வருகிறது என்று மூளை கண்டுபிடிக்கிறது. ஒரே காது என்றால் கணக்குப் போட எதுவும் இல்லை. கேட்காத பக்கத்துப் பேச்சைத் தலையே மறைத்துவிடும். க, ச, த போன்ற மெய்யொலிகள்தான் அதில் அதிகம் அடிபடும். சத்தமில்லாத அறையில் சமாளிக்கலாம், ரங்கநாதன் தெருவில் முடியாது. ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் செவித்திறன் குறைபாட்டை இரண்டு காதையும் வைத்தே வரையறுக்கிறது. இவர்கள் அதற்குள் வருவதில்லை.

இப்போது கருவிக்கு வருவோம். இரண்டு காதையும் விரலால் பொத்திக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்துப் பாருங்கள். அந்த 'மொறு மொறு' எவ்வளவு பலமாகக் கேட்கிறது! மண்டை எலும்பு அதிர்ந்து, ஒலி நேராக உள்காதுக்குப் போகிறது. எலும்புவழி இம்ப்ளான்ட் செய்வதும் இதைத்தான். காதுக்குப் பின்னால் எலும்பில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளமுள்ள டைட்டானியம் திருகு வைப்பார்கள். பல் கட்டுவதற்குத் தாடையில் வைக்கிறார்களே, அதே உலோகம், எலும்போடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 1977இல் முதன்முதலாகக் கேட்பதற்காக வைத்தார்கள். திருகோடு சேர்ந்த ஒரு முனை தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் மாட்டும் கருவி ஒலியை அதிர்வாக்கித் திருகுக்குக் கொடுக்கும். தோலுக்கு வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிராமல், காந்தத்தால் ஒட்டும் வகைகளும் இப்போது உண்டு.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நரம்போ உள்காதோ செத்துப்போன காது இதனால் உயிர் பெறாது. வலப்பக்கத்து ஒலியைக் கருவி வாங்கி, மண்டை எலும்பு வழியாக இடது உள்காதுக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். அதனால் நல்ல காது உண்மையிலேயே நல்ல காதாக இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் ஆபரேஷனுக்கு அனுப்பியதால் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வேதனையாக இருந்தது. காதில் ஓயாமல் சீழ் வடிபவர்கள், காது மடலும் துவாரமும் சரியாக உருவாகாமல் பிறந்த குழந்தைகள் கதை வேறு. அவர்களுக்கு உள்காது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், வழிதான் அடைபட்டிருக்கும். அந்தக் காதே மறுபடி கேட்கும், பலனும் பெரிது. கைக்குழந்தைக்குத் துணிப்பட்டையில் போட்டுவிடலாம். திருகு வைக்கப் பொதுவாக 5 வயது வரை காத்திருப்போம்.

இன்னொரு விஷயம், இது அவசரம். காலையில் எழுந்ததும் ஒரு காது அடைத்தாற்போல் இருந்து கேட்காமல் போனால், எண்ணெய் விடாதீர்கள், சொட்டு மருந்து வாங்காதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். திடீர் செவித்திறன் இழப்பாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 2 வாரத்தைத் தாண்டினால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அழுக்கு என்று நினைத்து இரண்டு மாதம் கழித்து வருகிறவர்களிடம் என்ன சொல்வது?

சரி, புடவைக் கடைப் பெண்ணுக்கு வருகிறேன். திருகு வைப்பதற்கு முன்னால் அதே கருவியைத் தலைப்பட்டையில் மாட்டிப் பார்க்கலாம். தோல் கொஞ்சம் ஒலியைத் தின்றுவிடும், ஆனாலும் எப்படி இருக்கும் என்று புரிந்துவிடும். என் அறையில் போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இங்கே எல்லாருக்கும் நன்றாகத்தான் கேட்கும். "கடைக்குப் போட்டுக்கிட்டுப் போம்மா" என்று கொடுத்தனுப்பினேன். அறுவை சிகிச்சையே வேண்டாம் என்பவர்களுக்கு, கேட்காத காதில் மைக் வைத்து நல்ல காதுக்கு அனுப்பும் கிராஸ் கருவி இருக்கிறது, அதையும் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். "இந்தப் பக்கம் கூப்பிடறது கேக்குது மேடம். எங்கேயிருந்துன்னுதான் தெரியல, சுத்திச் சுத்திப் பார்க்கறேன்." திசை தெரியாது என்று முன்பே சொல்லியிருந்தேன், அனுபவித்தபோதுதான் அவருக்குப் புரிந்தது. கிராஸ் கருவி நல்ல காதையும் அடைப்பதுபோல இருந்ததாம், அது வேண்டாம் என்றார். திருகைச் சுற்றித் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், சென்னை வியர்வைக்கு அதில் அசட்டை கூடாது என்றேன். பின்னால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தால் எந்த வகைக்கு என்ன கட்டுப்பாடு, வெளிக்கருவி பழுதானால் மாற்ற எவ்வளவு ஆகும் என்று சர்ஜனிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

எல்லாம் கேட்டுவிட்டுச் சரி என்றார். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் முடியும் வரை லீவு கிடைக்காதாம், ஆவணியில் நாள் குறித்திருக்கிறோம்.