பேட்டரிக்கு ஏது ‘காப்புப்பிரதி’?

ரூட்டருக்கு ‘நான்கு மணி நேர காப்புப்பிரதி’. கரண்ட் போனாலும் ரூட்டரை அணையாமல் ஓட்டும் மினி யூபிஎஸ்ஸை விற்கும் இணையக் கடைகளின் தமிழ்ப் பக்கங்களில், பேட்டரி ‘பேக்கப்’ என்பதற்கு இப்படித்தான் விளம்பரம் வருகிறது. பிரதி என்றால் படி, நகல். பத்திரத்துக்குப் பிரதி உண்டு, சுவடிக்கு உண்டு, கணினிக் கோப்புக்கும் உண்டு. மின்சாரத்தை எப்படி நகலெடுப்பது? முடியுமென்றால் மின்வாரியம் முதலில் வந்து வாங்கிக்கொள்ளும்.

கோப்புகளைப் படியெடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்துவதற்காகக் கணினித் தமிழில் வந்த சொல் காப்புப்பிரதி. அந்த வேலைக்கு நல்ல சொல்தான். ‘பேக்கப்’ என்று எங்கே கண்டாலும் அதையே ஒட்டுவதுதான் கோளாறு. இயந்திர மொழிபெயர்ப்பு செய்தால் ‘அதற்கென்ன தெரியும்’ என்று விட்டுவிடலாம். சம்பளம் வாங்கிக்கொண்டு மொழிபெயர்க்கிறவர்களும் அதைப் படித்துப் பார்க்காமல் அனுப்புகிறார்கள்.

பேக்கப் என்பதன் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேக் என்றால் முதுகு, பின்பக்கம். ‘பின்னால் நின்று தாங்கு’ என்ற பொருளில் அது வினையாக ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியது. ‘அவசரத்துக்கு வைத்திருக்கும் இருப்பு’ என்ற பெயர்ச்சொல் பொருள் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவியது. கணினிக் கோப்பின் படி என்ற பொருள் அதற்கும் பிறகு வந்தது. கடைசியாக வந்த பொருளை எடுத்து முந்தைய பொருள்களின் தலையில் கட்டியிருக்கிறோம்.

சரி, பிரதியை விட்டுவிட்டு ‘மின்காப்பு’ என்று சொல்லலாமே என்று ஒரு கட்சி இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது. கம்பியின் மேல் உறையிட்டு மின்சாரம் வெளியே பாயாமல் தடுப்பதற்குப் பெயர் மின்காப்பு. கடையில் இன்சுலேஷன் டேப் என்று கேட்டு வாங்குவது புத்தகத்தில் மின்காப்பு நாடா. இப்போது, ‘மின்காப்பு இல்லாத இணைப்பு’ என்று ஓர் எச்சரிக்கை எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளில், கரண்ட் போனால் போன் பேச்சு அறுந்துபோகும், அவ்வளவுதான். இன்னொரு பொருளில், தொட்டால் உயிர் போகும். இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் அடைப்பதற்கு யாருக்கும் உரிமை கிடையாது. காப்பு என்ற சொல்லே பாவம், கையில் போடுவதும் காப்பு, திருவிழாவுக்குக் கட்டுவதும் காப்பு, நூலின் முதல் செய்யுளும் காப்பு; காப்பீடு, காப்புரிமை, காப்பகம் என்று ஓடி ஓடி உழைக்கிறது. அதன் முதுகில் இன்னொரு மூட்டை வேண்டாம்.

அடுத்து, யூபிஎஸ்ஸுக்குச் சொல்லப்படும் ‘தடையில்லா மின்வழங்கி’. இதைத்தான் என்னால் அறவே ஏற்க முடியவில்லை. பள்ளிப் பாடத்தில் மின்தடை என்றால் ஓம் என்ற அலகில் அளக்கும் பண்பு. செய்தித்தாளில் மின்தடை என்றால் பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் மாலை வரை மின்சாரம் இருக்காது என்ற அறிவிப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ‘தடையில்லா மின்’ என்பதைப் படித்தால் என்ன நினைக்கும்? ஓம் கணக்கில் சுழியம் என்றுதானே? அது மட்டுமா, ‘தடையில்லா மின்சாரம்’ என்பது தேர்தல் வாக்குறுதிகளில் தேய்ந்துபோன தொடர். மேசைக்கு அடியில் இருக்கும் ஒரு பெட்டிக்கும் ஒரு மாநிலத்தின் மின்கொள்கைக்கும் ஒரே பெயர்.

‘வழங்கி’யின் கதை இன்னும் மோசம். கணினித் தமிழில் சர்வருக்கு வழங்கி என்று பலரும் எழுதுகிறார்கள். அலுவலகத்தில் நெட்வொர்க் கருவிகள் அடுக்கிய ரேக்கைத் திறந்தால் மேலே சுவிட்ச், நடுவில் சர்வர், கீழே யூபிஎஸ். ‘வழங்கியை அணைத்துவிட்டு வழங்கியை மாற்றவும்’ என்று கையேட்டில் எழுதினால் எதை அணைப்பது, எதைக் கழற்றுவது? ‘மின்வழங்கி’ என்று முன்னொட்டு இருக்கிறதே என்பார்கள். கணினிக்குள் இருந்து அதன் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் சிலர் மின்வழங்கி என்றுதான் எழுதுகிறார்கள். ஆக, ஒரே அறையில் மூன்று வழங்கிகள்.

சொல்லைத் தேடுவதற்கு முன் பொருள் என்ன செய்கிறது என்று பார்த்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, மின்சாரம் போகிற அந்தக் கணத்தில் கருவி அணையாமல் பார்த்துக்கொள்வது. மற்றது, போன பிறகு மணிக்கணக்கில் ஓட்டுவது. வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றின் பின்னால் இரண்டு நிலை வைத்த ஒரு சுவிட்ச் இருக்கும். சாதாரண நிலையில் வைத்தால், கரண்ட் போய்ப் பேட்டரிக்கு மாறும்போது மின்விசிறிக்கும் விளக்குக்கும் ஒன்றும் ஆகாது. கணினி அணைந்துவிடும், ரூட்டரும் அணைந்து மீண்டும் தொடங்கலாம். யூபிஎஸ் நிலையில் வைத்தால் சுமார் 10 மில்லி நொடியில் மாறிவிடும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது ஓர் அரைச்சுற்று நேரம். கருவிக்குள் இருக்கும் மின்தேக்கிகளே அந்த இடைவெளியைச் சமாளித்துக்கொள்ளும். ஆன்லைன் யூபிஎஸ் வகையில் அந்த இடைவெளிகூடக் கிடையாது. உள்ளே வரும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி (டிசி), திரும்பவும் மாறுமின்னோட்டமாக்கி (ஏசி), எந்நேரமும் தானே கொடுத்துக்கொண்டிருக்கும்.

இதை ஆன்லைன் யூபிஎஸ்ஸுக்கு வெகுகாலம் முன்பே செய்துகாட்டியவை தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகள். இரண்டு வோல்ட் பேட்டரிக் கலங்கள் 24 சேர்ந்த ஒரு வரிசை, மொத்தம் 48 வோல்ட். மின்சாரம் இருக்கும்போது 54 வோல்ட்டை ஒட்டி மின்னேற்றம் நடந்துகொண்டே இருக்கும். எக்ஸ்சேஞ்ச் கருவிகளும் அதே இணைப்பில்தான் இருக்கும். வெளி மின்சாரம் நின்றால் எதுவும் ‘மாற’ வேண்டியதில்லை, பேட்டரி ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை அது பார்த்துக்கொள்ளும். அதே மின்சாரம் செம்புக் கம்பி வழியே வீடு வரைக்கும் வந்ததால்தான் ஊரே இருட்டில் கிடந்தாலும் பழைய லேண்ட்லைனில் டயல் டோன் கேட்டது. இப்போதைய பைபர் இணைப்பின் கண்ணாடி இழையில் ஒளி வரும், மின்சாரம் வராது. அதனால் பைபர் மோடத்துக்கு நாமே பேட்டரி வைக்க வேண்டியிருக்கிறது. எக்ஸ்சேஞ்சின் பொறுப்பு நம் தலையில் இறங்கியது, அதோடு இந்தச் சொல் தகராறும்.

என் முடிவைச் சொல்கிறேன். இரண்டு வேலைக்கும் இரண்டு சொல் வேண்டும். கணநேரம்கூட அறாமல் கொடுக்கும் பெட்டியை ‘இடையறா மின்கருவி’ எனலாம். இடையறாத என்பதற்கு அகராதி தேட வேண்டாம். பேச்சில் யூபிஎஸ் என்றே சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. குழப்பும் தமிழைவிட விளங்கும் கடன்சொல் மேல். அவசரத்துக்கு வைத்திருக்கும் மின்சாரத்துக்கோ ‘கைகாவல்’ என்ற சொல் வீட்டிலேயே இருக்கிறது. ‘கைகாவலுக்கு நூறு ரூபாய் வைத்துக்கொள்’ என்கிறார்களே, அதே சொல். கைகாவல் மின்சாரம், கைகாவல் பேட்டரி. தனித்தமிழ் அன்பர்கள் காப்பு போகிறதே என்று கவலைப்பட வேண்டாம். காப்பும் காவலும் ‘கா’ என்ற ஒரே வேரில் முளைத்தவை. பேட்டரி என்பதே வேண்டாம் என்றால் பாடநூலில் சேமக்கலம் இருக்கிறது.

எவ்வளவு நேரம் என்பதற்கு மொழிபெயர்ப்பாளரே தேவையில்லை. எந்தக் கடையிலும் ‘எவ்வளவு நேரம் தாங்கும்?’ என்றுதான் கேட்கிறார்கள். பின்னால் நின்று தாங்குதல் என்ற ஆங்கில மூலப்பொருளை இதைவிடச் சரியாக யாரும் பெயர்க்க முடியாது, அதுவும் பெயர்க்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். எனவே, தாங்கும் நேரம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் காகிதக் கணக்குக்கு 84 வாட்-மணி. ரூட்டரும் மோடமும் சேர்ந்து 20 வாட் இழுத்தால் நான்கு மணி நேரம் தாங்க வேண்டும். இன்வெர்ட்டர் பகுதி தின்பதையும் பேட்டரியின் வயதையும் கழித்தால் அவ்வளவு தாங்காது. விளம்பரத்தில் போடும் எண்ணுக்கு எந்தச் சுமையில் என்று ஒரு வரி சேர்த்து எழுதினால், காப்புப்பிரதியைக்கூட மன்னித்துவிடுவேன்.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தபோது, அங்குள்ள தமிழ்ச் செய்திகளில் மின்பிறப்பாக்கி என்று இயல்பாக எழுதினார்கள். படித்தவர்களுக்குப் புரிந்தது. நம் பக்கத்தில் ஜெனரேட்டருக்கு மின்னாக்கி, மின்னியற்றி என்று ஆளுக்கொன்று எழுதுகிறோம், எதையும் நிலைக்கவிடுவதில்லை. புதிதாகச் சொல் படைக்கும் ஆசையில் பாதியை ஏற்கெனவே இருப்பதைத் தேடுவதில் காட்டலாம்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. ஓர் இணைப்பு படுத்தால் இன்னொன்றில் ஓட்டலாம் என்று இரண்டாவது இணைய இணைப்பு வைத்திருப்பதையும் ‘காப்பு இணைப்பு’ என்கிறார்கள். அதற்கு மாற்று இணைப்பு என்ற சொல் போதும். ஆனால் இரண்டு மோடத்தையும் ஒரே பிளக் பாயின்டில் செருகி வைத்திருந்தால், கரண்ட் போகும்போது மாற்றும் சேர்ந்தே போகும். அதற்கும் கைகாவல் பேட்டரி வேண்டும்.