காக்ளியர் இம்ப்ளான்ட்: ‘காது மாற்று’ இல்லை, உள்வைப்பு

காது மருத்துவர்கள் கூடும் ஒரு கருத்தரங்கின் தமிழ் அறிவிப்பில் மறுபடியும் ‘காது மாற்று அறுவை சிகிச்சை’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அங்கே பேசப்போவது காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றி; காது கேளாதவர்களின் உட்காதுக்குள் மின்முனைகளைச் செருகி ஒலியை உணரவைக்கும் கருவி அது. இதே தொடரை நாளிதழிலும் மருத்துவமனைத் தாள்களிலும் எத்தனையோ முறை பார்த்தாயிற்று. இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘காக்ளியா’ என்றால் லத்தீனில் நத்தை, நத்தை ஓடு. அதற்கு முன்னால் கிரேக்கத்தில் சங்கு வகைகளைக் குறித்த ‘கொக்லோஸ்’. உட்காதில் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுருண்டிருக்கும் பகுதிக்குப் பொருத்தமான பெயர்தான். மெல்போர்ன் மருத்துவர் கிரேம் கிளார்க், மின்முனைகள் கோத்த இழையை இந்தச் சுருளுக்குள் எப்படி நுழைப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். 1977இல் கடற்கரையில் கிடந்த ஒரு சங்குக்குள் புல்லை விட்டுப் பார்த்தபோதுதான் வழி கிடைத்தது: அடி விறைப்பாக, நுனி நெகிழ்வாக இருந்தால் வளைந்து உள்ளே போகும். மறு ஆண்டே முதல் நோயாளிக்குப் பொருத்திவிட்டார்.

‘இம்ப்ளான்ட்’ நடுதலில் பிறந்த சொல். உள்ளே நட்டால் இம்ப்ளான்ட். ஓரிடத்தில் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் டிரான்ஸ்பிளான்ட்; நாற்றங்காலிலிருந்து வயலுக்குப் போகும் நாற்று போல. சிறுநீரகம் அப்படி ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போகிறது, அதைச் ‘சிறுநீரக மாற்று’ என்கிறோம், சரி. காதில் அப்படி எதுவும் நடப்பதில்லை.

என் அக்கா பேரனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ‘காது மாற்று’ என்று போட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா என்னிடம் கேட்டாள்: “யாரு காதுடா எடுத்து வைப்பாங்க? எனக்கு வயசாயிடுச்சு, என்னோடதுல ஒண்ணக் கொடுத்தா ஆகாதா?” அவள் கேட்டதில் தவறே இல்லை. சிறுநீரகத்துக்குச் சொந்தக்காரர்கள் முன்வருவதைப் பார்த்தவள் அவள். தாளில் இருந்த சொல்தான் அவளை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்தது.

மூட்டு மாற்று என்கிறோமே, அங்கே யாராவது மூட்டுத் தானம் செய்கிறார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மூட்டில் தேய்ந்த பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோகம் வைக்கிறார்கள். பழையது போய்ப் புதியது வருவதால் அது மாற்றுத்தான். காக்ளியர் இம்ப்ளான்டில் காதை எடுத்துவிட்டு வேறு வைப்பதில்லை. காக்ளியா இருந்த இடத்திலேயே இருக்கும், செவி நரம்பும் இருக்கும். ஒலியை நரம்புக்குச் சேர்க்க வேண்டிய மயிர்ச்செல்கள் மட்டும் வேலை செய்யவில்லை. அந்த வேலையை மின்முனைகள் செய்கின்றன. நரம்பு நன்றாக இருந்தால்தான் கருவிக்கே பயன் உண்டு.

இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று இருக்கிறது. ‘மாற்று’ என்றதும் அறுவையோடு எல்லாம் முடிந்துவிட்டதாக வீட்டில் நினைக்கிறார்கள். உண்மையில் வேலையே அப்புறம்தான். புண் ஆறியதும் ‘ஸ்விட்ச் ஆன்’, அதாவது கருவியை முதன்முறை இயக்குவது. பிறகு ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று அளவு பார்த்து அமைக்கும் ‘மேப்பிங்’. பிறகு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கேட்கவும் பேசவும் பயிற்சி. இந்தியாவில் காக்ளியர் இம்ப்ளான்டுக்காக ஆண்டுதோறும் நடக்கும் ‘சிகிகான்’ போன்ற கூட்டங்களில் அறுவை மருத்துவர்களோடு செவித்திறன் வல்லுநர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் உட்கார்ந்திருப்பது இதனால்தான். அமெரிக்காவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வாளர்கள் கூடுகிறார்களே, அந்தக் கருத்தரங்கின் பெயரிலேயே ‘உள்ளே வைக்கத்தக்க செவிச் செயற்கை உறுப்புகள்’ என்று இருக்கிறது. அவர்கள் கவனமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழாக்குபவர்தான் அதைப் படிப்பதில்லை.

‘நத்தை எலும்பு’ என்று எழுதுவோரும் உண்டு. காக்ளியா தனி எலும்பு இல்லை. பொட்டெலும்புக்குள் திரவம் நிறைந்த சுருட்குழல். ‘செவிச்சுருள்’ கேட்க அழகாக இருக்கிறது, எனக்கும் ஆசைதான். ஆனால் தலைக்கு வெளியே காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ‘காயில்’ (coil) என்ற பாகத்தையும் தமிழில் சுருள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே கருவியில் இரண்டு சுருள் வந்தால் குழப்பம். இம்ப்ளான்டுக்குப் ‘பதியம்’ என்று சொல்லலாமே என்றால், பதியம் என்பதோ கிளையை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விட வைப்பது. இந்தக் கருவி வேர்விடாது, இதிலிருந்து புதுச்செடியும் வராது.

ஆகவே நான் எழுதுவது ‘செவிநத்தை உள்வைப்பு’. அது நீளம் என்று நினைப்பவர்கள் ‘காக்ளியர் உள்வைப்பு’ என்று எழுதட்டும், எனக்குச் சண்டையில்லை. காக்ளியர் என்ற சொல் மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். தனித்தமிழ் வேண்டும் என்று ‘மாற்று’ போட்டுப் பொருளையே மாற்றுவதைவிட அது எவ்வளவோ மேல்.

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை நடக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்களில் ஆங்கிலம் தெரியாத தாய்களும் தாத்தாக்களும் எத்தனையோ பேர். அவர்கள் கையில் கொடுக்கும் தாளை மொழிபெயர்ப்பவர், அகராதியை மூடிவிட்டு, அறுவையில் என்ன செய்கிறார்கள் என்று செவித்திறன் வல்லுநர் ஒருவரிடம் பத்து நிமிடம் கேட்கலாம். கருத்தரங்கு அமைப்பாளர்களுக்கு இதையே கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.