எண்ணுவதற்கு முன்னால் பிரிக்கட்டும்

இடுக்கி ஏலமலையில் குமுளி, வண்டன்மேடு பக்கம் எல்.கே.ஜி.யில் பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர் பலரும் "டீச்சர், நூறு வரைக்கும் சொல்லுவான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். பிள்ளையும் மூச்சுவிடாமல் சொல்லிவிடுவான். அவன் முன்னால் ஐந்து புளியங்கொட்டையை நெருக்கி ஒரு வரிசை, இன்னொரு ஐந்தை இடம்விட்டு ஒரு வரிசை வைத்து, எதில் அதிகம் என்று கேளுங்கள். நீளமாகக் கிடக்கும் வரிசையைத்தான் காட்டுவான். பயப்பட வேண்டியதில்லை. ஆறேழு வயது வரைக்கும் பெரும்பாலான குழந்தைகள் இப்படித்தான் என்று சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே போன நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். ஒப்பிட்டும் இனம் பிரித்தும் கை பழகினால்தான் வாய் ஒப்பிக்கிற எண்ணுக்குப் பொருள் பிடிபடும். நாம் அதைத் தாண்டி நேரே நோட்டுக்குப் போய்விடுகிறோம்.

இத்தனைக்கும் இது பிரித்துப் பிழைக்கிற ஊர். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியற்காலை ஜீப்பில் மலையேறி வருகிற அம்மாக்களில் பலர், காயை உலர்த்தித் தரம் பிரிக்கிற ஏலக்காய் ஸ்டோரில் உட்கார்ந்து பொறுக்குகிறவர்கள். 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய்க்கு ஒரு விலை, அதற்குக் கீழே விழுவதற்கு ஒரு விலை. பச்சை வெளுத்தது தனி, வாய் பிளந்தது தனி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளும் இதைப் பார்த்தே வளர்கிறார்கள். "எம்புள்ளைக்குக் கணக்கு சொல்லித்தர எனக்கென்ன தெரியும் டீச்சர்" என்று அந்த அம்மாக்களே கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் நாள் முழுக்கச் செய்வதே கணக்கின் முதல் பாடம்.

ஒருமுறை நான்கு வயதுப் பெண் குழந்தையிடம் ஒரு தட்டில் ஏலக்காயும் இரண்டு கிண்ணமும் கொடுத்து, பெரிசு ஒன்றில், சின்னது ஒன்றில் போடச் சொன்னேன். நல்ல பருமனான காய் ஒன்றைச் சின்னதோடு போட்டாள். கூட இருந்த ஆயாம்மா சட்டென்று அதை எடுத்து மாற்றப் போனார். தடுத்துவிட்டு, "ஏந் தாயி இத இங்க போட்ட?" என்றேன். காயைத் திருப்பி நுனியில் இருந்த மெல்லிய பிளவைக் காட்டினாள். "இது வாய் பிளந்துருச்சு. நல்லதுல சேராது. அம்மா தள்ளிருவாங்க." நான் சொன்ன விதியைவிட நுட்பமான ஒரு விதி அவளிடம் இருந்தது. மாற்றி வைத்திருந்தால் அது வெளியே வந்தே இருக்காது.

பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான். திருத்துவதற்கு முன்னால் காரணம் கேளுங்கள். "தப்பு" என்று சொன்னால், அடுத்த காயை எங்கே வைப்பது என்று குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கும். "ஏன்" என்று கேட்டால் காயைப் பார்க்கும்.

வயதையும் பார்க்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தை ஒரு விதிப்படி பிரிக்கும். நடுவில் விதியை மாற்றினால் திணறும். நிறம் பார்த்துப் பிரித்த அட்டைகளை இனி வடிவம் பார்த்துப் பிரி என்றால், புது விதியை வாயால் சரியாகச் சொல்லிவிட்டு, கை மட்டும் நிறத்தின்படியே போடும். அடம் என்று நினைத்து அதட்டுகிறார்கள். அடம் இல்லை, மூளை இன்னும் அந்தத் திருப்பத்துக்குத் தயாராகவில்லை. நான்கு, ஐந்து வயதில் தானாக வரும்.

ஒப்பிடப் பழக்குவதற்கு அடுப்படி போதும். இரண்டு முருங்கைக்காயைக் கொடுத்து எது நீளம் என்று கேளுங்கள். ஒன்றைச் சற்று முன்னால் தள்ளி வைத்தால் அதைத்தான் நீளம் என்பார்கள். அடிமுனை இரண்டையும் சுவரோடு ஒட்டி வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். பின்னாளில் ஸ்கேல் பிடிக்கிறபோது அது உதவும். பெரிய காலி பிஸ்கட் டின்னையும் சின்னப் பூட்டையும் கைக்கு ஒன்றாகக் கொடுத்து எது கனம் என்று கேட்டால், முகத்தில் வருகிற ஆச்சரியத்தைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். இரண்டு பழகியதும் மூன்றாவது பொருளைச் சேருங்கள். நடுக் கரண்டி இதைவிடப் பெரிசு, அதைவிடச் சின்னது என்று ஒரே பொருளுக்கு இரண்டும் பொருந்துவது அவர்களுக்குப் பெரிய விஷயம். துவைத்த துணியில் யாருடையது எது என்று பிரிக்க விடுங்கள். இதற்காகக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம்.

கட்டாயமாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. மூன்று வயதுக்குக் கீழே மிளகு, கடலை, ஏலக்காய், பட்டன் எதுவும் கையில் வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். பெரிய பிள்ளைகளுக்கும் மருந்தடித்த தோட்டத்துப் பச்சைக் காயைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. அளவும் வடிவமும் சரியாகப் பிரிக்கிற பையன், நான்கைந்து வயதாகியும் சிவப்பையும் பச்சையையும் மட்டும் தொடர்ந்து கலக்குகிறான் என்றால், அதட்டாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். நிறக்குறைபாடு பெரும்பாலும் அம்மா வழியாக வருவது, ஆண்பிள்ளைகளிடமே அதிகம். அம்மாவின் அப்பாவுக்கு இருந்ததா என்று வீட்டில் விசாரியுங்கள். எண் படிக்கத் தெரியாத குழந்தைக்கு, கோட்டை விரலால் தொடர்ந்து காட்டுகிற அட்டைகளை வைத்தே சோதிப்பார்கள். பிறவியிலேயே வருவதற்கு மருந்து கிடையாது. அங்கன்வாடி டீச்சரிடம் சொல்லிவைத்தால், நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்கிற வேலையை அவனுக்குக் கொடுக்காமல் அளவையோ வடிவத்தையோ சேர்த்துக் கொடுப்பார்.