அந்தச் சுவருக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

இந்த மழைக்காலத்தில் சுவரில் ஏறும் ஈரத்தைப் பார்க்க என்னைக் கூப்பிட்ட நான்காவது வீடு இது. கொடைக்கானல் ஏரிக்கு மேலே ஒரு சரிவில் 1910-களில் கட்டிய கோடை பங்களா. வாங்கியவர் மதுரைக்காரர். பழைய வீடு என்பதற்காகவே ஆசைப்பட்டு வாங்கிய நல்ல மனிதர். "மூன்று வருடத்துக்கு முன்னால்தான் முழுக்கப் புதுப்பித்தோம் சார். இப்போது சாப்பாட்டு அறையில் ஓதம் இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டது" என்று அவர் போனில் சொன்னபோதே விஷயம் புரிந்துவிட்டது. புதுப்பித்தோம் என்றால் சிமெண்ட் பூசினோம் என்று பொருள்.

போய்ப் பார்த்தேன். விரலை மடக்கிச் சுவரைத் தட்டினால் காலிப் பானை போலச் சத்தம். பூச்சின் விளிம்பில் திருப்புளியைக் கொடுத்து நெம்பியதும் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு பத்தை பெயர்ந்து விழுந்தது. பின்னால் கருங்கல் வியர்த்து நின்றது. கற்களுக்கு இடையில் இருந்த மண்சாந்தை விரலால் வழித்தெடுக்க முடிந்தது. பிறகு ஜன்னல் ஓரத்தில் ஒரு தரைப்பலகையைத் தூக்கச் சொன்னேன். சுவருக்குள் போகும் மரச்சட்டத்தின் நுனியில் அதே திருப்புளி கைப்பிடி வரைக்கும் இறங்கியது. நூறு வருட மழையைத் தாங்கிய மரம் அது.

இந்த வீடுகள் எப்படி வந்தன என்று தெரிந்தால், இவற்றை எப்படிப் பராமரிப்பது என்பது பாதி புரிந்துவிடும். சமவெளியின் வெயிலுக்கும் காலராவுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 1863-இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார். 1901-இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் வந்தது. ஆனால் மலைக்கு வண்டிச்சாலை முடிந்தது 1910-களில்தான். அதுவரை பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து மனிதர்கள் குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். சாமான்கள் தலைச்சுமையாக ஏறின. ஆகவே அங்கேயே கிடைத்த கல்லை உடைத்து, அங்கேயே கிடைத்த மண்ணைக் குழைத்து, ஒன்றரை அடி, இரண்டடிக் கனத்தில் சுவர் எழுப்பினார்கள். கீழிருந்து சுமந்து வந்த சுண்ணாம்பைச் சிக்கனமாக வெளி முகத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். நான் பிரித்துப் பார்த்த சுவர்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன.

சிமெண்ட் அப்போது கப்பலில் பீப்பாயாக வந்த அரிய பண்டம். சென்னையில் 1904-இல் செய்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில்தான் இந்தியச் சிமெண்ட் உருப்படியாக உற்பத்தியானது. "அந்தக் காலத்தில் சிமெண்ட் கிடைக்கவில்லை, பாவம், இப்போது நாம் பலப்படுத்துகிறோம்" என்று ஒரு ஒப்பந்தக்காரர் என்னிடமே சொல்லியிருக்கிறார். என்னைக் கோபப்படுத்த இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது.

சிமெண்ட் வலுவானது, யார் இல்லை என்றார்கள்? கேள்வி வலுவைப் பற்றியது அல்ல. மலைவீட்டின் சுவர் ஒருநாளும் முழுக்கக் காய்ந்திருக்காது. அடியிலிருந்து மண்ணின் ஈரம் ஏறும், வெளியிலிருந்து சாரல் இறங்கும், பனிமூட்டம் நாள்கணக்கில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஈரத்தை உள்ளே விடாத சுவரை அவர்கள் கட்டவில்லை, வந்த ஈரம் திரும்பிப் போகும் சுவரைக் கட்டினார்கள். சுண்ணாம்பு அதற்கு வழிவிடும். கல் அசைந்தால் கூடவே சற்று அசைந்தும் கொடுக்கும். சிமெண்ட் இரண்டையும் செய்யாது. முதல் கோடையிலேயே மயிரிழை போல வெடிக்கும். அந்த வெடிப்பு தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும், வெளியே விடாது. அடைபட்ட ஈரம் மேலே ஏறும். நேற்று முழங்கால் உயரத்தில் நின்ற ஓதம் இன்று இடுப்புக்கு வந்ததன் ரகசியம் இவ்வளவுதான். அதைப் பார்த்துப் பயந்து "வாட்டர்புரூஃப்" பெயிண்டை உட்புறமும் அடித்துவிடுகிறார்கள். அதன்பின் ஈரத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி மரச்சட்டத்தின் நுனி.

"பாதி சுண்ணாம்பு, பாதி சிமெண்ட்?" என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். சீக்கிரம் இறுகட்டும் என்று கொத்தனார் சுண்ணாம்புக் கலவையில் ஒரு சட்டி சிமெண்டைச் சேர்ப்பார். நீங்கள் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்துத்தான் சேர்ப்பார். அவரைக் குறைசொல்லியும் பயனில்லை. சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, அரைத்துப் பூசி, வாரக்கணக்கில் ஈரச்சாக்கு போட்டுக் காப்பாற்றும் வேலைக்கு யாரும் அவருக்குக் கூலி கொடுப்பதில்லை.

இன்னொரு குற்றம், காற்றுத்துளைகளை அடைப்பது. இந்த வீடுகளில் பலகைத் தளத்துக்கு அடியில் ஒன்றிரண்டு அடி வெற்றிடம் இருக்கும். பேஸ்மட்டத்தில் வெளிப்பக்கமாக, சாண் அகலத்தில், இரும்புச் சல்லடை போட்ட துளைகள் வரிசையாகத் தெரியும். தளத்துக்குக் கீழே காற்று ஓடுவதற்காக வைத்தவை அவை. எலி வருகிறது, பாம்பு வருகிறது என்று எல்லாவற்றையும் பூசி மூடிவிடுகிறார்கள். இல்லையென்றால் வீட்டைச் சுற்றி அழகாகத் தரை போடுகிறோம் என்று மண்ணைக் கொட்டி உயர்த்துகிறார்கள், துளைகள் தாமாகவே புதைந்துவிடுகின்றன. எலிக்குப் புதிய சல்லடை போதுமே! நூறு ரூபாய் வேலைக்குப் பயந்து தேக்குத் தளத்தை இழக்க வேண்டுமா?

கணப்பும் அப்படித்தான். அறைக்கு அறை கணப்பு வைத்தது குளிர்காய மட்டுமல்ல. புகைபோக்கி வழியாக அறைக் காற்று எந்நேரமும் மேலே இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். ஏப்ரல், மே, ஜூன் என்று மூன்று மாதம் குடும்பம் தங்கும். மற்ற மாதங்களில் தோட்டக்காரர் வந்து ஜன்னலைத் திறப்பார், வாரம் ஒருநாள் நெருப்பு மூட்டுவார். அந்தத் தோட்டக்காரரையும் சேர்த்துத்தான் அந்த வீடு வடிவமைக்கப்பட்டது என்பேன். இன்று புகைபோக்கியை ஒட்டடைக்குப் பயந்து அடைத்துவிட்டு, எட்டு மாதம் வீட்டைப் பூட்டிவைத்துவிட்டு, "பூஞ்சை வாடை அடிக்கிறது" என்கிறார்கள். இன்னும் சிலர் புகைபோக்கியை அடைத்த அதே அறைக்குள் கரியடுப்பைக் கொண்டுவந்து வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறார்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்: செய்யாதீர்கள். கரிப்புகை தெரியாமலேயே கொல்லும். மலைகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

சரி, என்ன செய்வது? செப்டம்பர் முடிவதற்குள் கூரையோரத் தகரக் கால்வாயில் இருக்கும் சருகை அள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு அள்ளுவது சுவரை நனைத்துவிட்டுக் குடை தேடுவது. உடைந்த மங்களூர் ஓட்டை உடனே மாற்றுங்கள், தார்ப்பாய் போட்டு மூன்று வருடம் ஒப்பேற்றாதீர்கள். வெளிமண் மட்டம் காற்றுத்துளைகளுக்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். சுவரை ஒட்டிச் சிமெண்ட் தரை போடாதீர்கள், சரளை போடுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று கூரை முகப்பின் செதுக்கு மரப்பலகையைக் கழற்றித் தகரம் அடிக்காதீர்கள். அது அலங்காரம் மட்டுமல்ல, கூரையைத் தாங்கும் கைமரங்களின் நுனியை மழையிலிருந்து மறைப்பதும் அதுதான். வீடு நூறு வயதைத் தாண்டிவிட்டதால் அரசு பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிடாதீர்கள். பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று அரசு அறிவிக்காமல் வயது மட்டும் எந்த வீட்டையும் காப்பாற்றாது.

பூச்சு வேலை செய்தே ஆகவேண்டும் என்றால் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வையுங்கள், சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். என்னை நவம்பரில் கூப்பிட்டால் நான் செய்யக்கூடியது திருப்புளியால் குத்திக் காட்டுவது மட்டுமே.

மதுரைக்காரரிடம் சிமெண்ட் முழுவதையும் கொத்தி எடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். சுவர் காய எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: அங்குலத்துக்கு ஒரு மாதம். அவருடையது பதினெட்டு அங்குலச் சுவர். அவரே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அதுவரைக்கும் பார்க்க நன்றாக இருக்கட்டும், ஒரு கை பெயிண்ட் மட்டும் அடித்துவிடலாமா சார்?"