விடியற்காலையில் மடங்காத விரல்கள்

என் பெரியம்மாவுக்கு முடக்குவாதம் வந்து 14 வருஷம் ஆகிறது. போன வருஷம் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். காலை 6 மணிக்கு மாத்திரை அட்டையையும் சீல் பிரிக்காத தண்ணீர் பாட்டிலையும் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 8 மணிக்கு நான் போனபோது இரண்டும் அப்படியே இருந்தன. "பிரிக்க முடியலடா" என்றார். கேஸ் ஷீட்டில் மாத்திரை கொடுத்தாகிவிட்டது என்று டிக் போட்டிருந்தது.

கிருமியோடு மோத வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், மூட்டின் உட்புறச் சவ்வையே எதிரியாக நினைத்துத் தாக்குவதுதான் முடக்குவாதம். சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். பெரும்பாலும் மணிக்கட்டிலும் விரல்களின் அடி மூட்டு, நடு மூட்டுகளிலும், இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும். பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அழற்சியைக் கிளப்பும் இன்டர்லூகின்-6 போன்ற பொருட்கள் பின்னிரவில் ஏறி விடியற்காலையில் உச்சத்துக்குப் போகும். அதனால்தான் காலையில் விரல்கள் கட்டை மாதிரி இருக்கின்றன, விறைப்பு விட ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகிறது (வயதானவர்களின் மூட்டுத் தேய்மானத்தில் அரை மணிக்குள் சரியாகிவிடும்). ஆஸ்பத்திரியில் மாத்திரை, ரத்தம் எடுப்பது, குளியல் எல்லாம் சரியாக அந்த நேரத்தில்தான் நடக்கிறது.

முடக்குவாதம் உள்ளவர்கள் வார்டுக்கு வருவது பல நேரம் மூட்டு வலிக்காக அல்ல. நோய்த்தொற்று, மாரடைப்பு, நுரையீரல் தழும்பு, மூட்டு மாற்று அறுவை என்று வேறு காரணம் இருக்கும். எதிர்ப்புச் சக்தியை மருந்து அடக்கி வைத்திருப்பதால் பெரிய தொற்றிலும் காய்ச்சல் அதிகம் தெரியாமல் போகலாம். ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று வீங்கிக் கொதித்தால் 'அவங்களுக்கு எப்பவும் இருக்கிறதுதானே' என்று விட்டுவிடவே கூடாது, உள்ளே சீழ் பிடித்திருக்கலாம், ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்த்தாக வேண்டும். நாள்பட்ட நோயாளிகளுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பும் தளர்ந்திருக்கலாம். மயக்க மருந்து கொடுத்துக் குழாய் செருகும்போது கழுத்தை வளைப்பது ஆபத்து என்பதால் மயக்கவியல் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மருந்து விஷயத்தில் எனக்கு இருக்கும் பெரிய பயம், நோய் எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. முடக்குவாதத்துக்கு அதை வாரத்தில் ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போலத் தினமும் என்று யாராவது கைப்பழக்கத்தில் எழுதிவிட்டால், சில நாளிலேயே வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவது குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். வாய்ப்புண் தெரிந்தால் உடனே கேளுங்கள். கடுமையான தொற்று இருக்கும்போது டாக்டர் இதை நிறுத்தி வைப்பது வழக்கம், அப்போது மறுபடி எந்தத் தேதியில் ஆரம்பிப்பது என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஸ்டீராய்டு இதற்கு நேர்மாறு. பல மாதம் சாப்பிட்டவருக்கு உடம்பு அந்த ஹார்மோனைச் சொந்தமாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

மறுநாள் ஐந்தரைக்கே போய்விட்டேன். பாட்டில் மூடியைத் தளர்த்தி வைத்தேன், வெதுவெதுப்பான தண்ணீரில் பெரியம்மாவின் கைகளைக் கால் மணி நேரம் வைத்தோம். ட்ரிப் ஊசியை அதிகம் பயன்படுத்தாத இடது கைக்கு மாற்றச் சொன்னோம், நர்ஸம்மாவும் முகம் சுளிக்காமல் மாற்றினார். ஏழரைக்கு இட்லியைப் பெரியம்மாவே பிட்டுச் சாப்பிட்டார்.