ஆங்கில ஆய்வுக் கட்டுரை ஏன் கனக்கிறது?

ஆங்கில நாளிதழைத் தடங்கலின்றிப் படிப்பவர்கூட ஆய்வுக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே நின்றுவிடுவது உண்டு. பழியைக் கலைச்சொற்கள் மேல் போடுகிறோம். உண்மையில் கலைச்சொல்லுக்குக் கட்டுரையிலோ பாடநூலிலோ விளக்கம் கிடைத்துவிடும். காலை வாருபவை எல்லாத் துறைக்கும் பொதுவான, யாரும் விளக்காத சொற்கள்: அஸ்யூம், டிரைவ், கான்ஸ்டிட்யூட், நெவர்தலெஸ்.

நியூசிலாந்து மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்விநூல் தொகுப்பை அலசி, இத்தகைய 570 சொற்குடும்பங்களை (ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) 2000-இல் பட்டியலிட்டார். அந்தத் தொகுப்பில் ஏறத்தாழ 10 சதவீதம் இவைதாம். அன்றாடப் புழக்கத்தின் 2,000 சொற்குடும்பங்கள் 76 சதவீதம். துணையின்றிப் படித்துப் புரிய 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் வைக்கும் அளவுகோல். அதாவது 300 சொற்கள் உள்ள பக்கத்தில் தெரியாதவை 6. அது 15 ஆனாலே திணறல் தொடங்கிவிடும்.

சொற்கள் தெரிந்தும் புரியாவிட்டால், சிக்கல் வாக்கியத்தில் இருக்கிறது. ‘தி அமவுன்ட் ஆஃப் சால்ட் தட் அக்யுமுலேட்ஸ் இன் தி லீவ்ஸ் ஆஃப் ட்ரீஸ் க்ரோயிங் ஆன் தி கோஸ்ட்’ என்ற தொடரைத் தமிழில் சொன்னால், ‘கடலோரத்தில் வளரும் மரங்களின் இலைகளில் சேரும் உப்பின் அளவு’. இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ். தமிழில் அடைகள் வரிசைகட்டி வந்து, தலைச்சொல் (இங்கே ‘அளவு’) கடைசியில் அமரும். ஆங்கிலத்தில் ‘அளவு’ முதலிலேயே வந்துவிடும். அதை நினைவில் பிடித்தபடி மீதியைக் கோக்க வேண்டும். மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டே படிப்பவர் தொடரின் கடைசிவரை போய்த் திரும்புகிறார். அதற்குள் வினைச்சொல் நழுவிவிடுகிறது. எனவே முதலில் முதன்மை வினையைக் கண்டுபிடித்து வட்டமிடுங்கள். பிறகு ‘தட்’, ‘விச்’, ‘ஆஃப்’ வரும் இடங்களில் கோடு கிழித்து, ‘எந்த அளவு? எதன் இலை?’ என்று கேட்டுக்கொண்டே நகருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், பலர் அஞ்சும் ‘சாயில் மாய்ஸ்சர் சென்சார் எரர்’ போன்ற பெயர்ச்சொல் அடுக்கு தமிழ் வரிசையிலேயே ஓடுகிறது: மண் ஈரப்பத உணரிப் பிழை. அங்கே கடைசிச் சொல்லைப் பிடித்தால் போதும்.

இடையில் கண் பின்னுக்குப் போவதைக் குறையாக எண்ண வேண்டாம். கண் வரிமேல் வழுக்கிச் செல்வதில்லை. 7 முதல் 9 எழுத்து தாவி, கால் நொடி அளவு நின்று, மறுபடி தாவுகிறது. தேர்ந்த வாசகரிடமும் 10 முதல் 15 சதவீதத் தாவல்கள் பின்னோக்கியவை. அவற்றைத் தடுத்துப் பார்த்த சோதனையில் புரிதல் குறைந்தது. வேக வாசிப்பு விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே மூச்சில் படிப்பதும் வீண். கணினி அறிவியலாளர் எஸ். கேசவ் 2007-இல் மூன்று சுற்று முறையை முன்வைத்தார். முதல் சுற்றுக்கு 5 முதல் 10 நிமிடம்: தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. இரண்டாவதில் ஒரு மணி நேரம் வரை கட்டுரையைக் கவனமாகப் படித்து, படங்களையும் வரைபடங்களையும் பார்க்க வேண்டும், கணித நிறுவல்களை விட்டுவிடலாம். அந்த ஆய்வை நாமே செய்வதுபோல் மறுபடி கட்டிப்பார்க்கும் மூன்றாவது சுற்று, புதியவருக்கு 4, 5 மணி நேரம் பிடிக்கும். எல்லாக் கட்டுரைக்கும் அது தேவையில்லை.

படித்த கட்டுரையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது மூலத்தை மூடிவைத்துவிட்டு எழுதுங்கள். திறந்துவைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் திருட்டின் சாயல் வருவதோடு பொருளும் கெடும். புள்ளியியல் முடிவில் வரும் ‘சிக்னிஃபிகன்ட்’டை ‘இம்பார்ட்டன்ட்’ ஆக்கினால் தவறு. வெறும் தற்செயலால் அப்படியொரு முடிவு வர வாய்ப்பு குறைவு என்பதே அதன் பொருள், முடிவு முக்கியமானது என்பதல்ல. ‘இருக்கலாம்’ என்ற பொருள் தரும் ‘மே’ விடுபட்டால் ஊகம் உறுதியாகிவிடும். எழுதி முடித்தபின் இந்த இரண்டையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய்க்கும் வினைக்கும் அடிக்கோடிடுங்கள். காரணங்களையெல்லாம் முன்னால் அடுக்கி வினையைக் கடைசிக்குத் தள்ளுவது தமிழில் இயல்பு. ஆங்கில வாசகரோ வினைக்காகக் காத்துக் களைத்துப்போவார். இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒரு வரி நீளம் இடைவெளி இருந்தால், அங்கேயே வெட்டி இரண்டு வாக்கியமாக்குங்கள். முதல் வாக்கியம் முடிந்த செய்தியை இரண்டாவதின் தொடக்கத்தில் வையுங்கள்; புதிய செய்தி அதன் கடைசியில் வரட்டும்.