அருவி முன்னே, கடல் பின்னே

கேர்ன்ஸ் நகரத்துக்கு முதுகில் பையோடு வந்து இறங்கும் இளைஞர்களிடம் பெரும்பாலும் ஒரே திட்டம்தான் இருக்கும். ஒரு நாள் பவளத்திட்டு, ஒரு நாள் மலை அருவிகள், அடுத்த நாள் விமானம். எதற்கு முதலில் போவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. விடுதி வரவேற்பறையில் எந்த வேனில் இடம் காலியாக இருக்கிறது, எந்தப் படகில் தள்ளுபடி தருகிறார்கள் என்பதை வைத்து வரிசை தானாக அமைந்துவிடும். ஆஸ்திரேலியாவின் அந்த வடகிழக்கு மூலையில் அவசரப் பிரிவு மருத்துவராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அந்த வரிசையைத்தான் எல்லாவற்றுக்கும் முன்பாகக் கேட்பேன். கேட்கத் தவறிய ஒரு மாலைப்பொழுது எனக்கு உண்டு.

வந்தவர் நம் ஊர்ப் பையன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். 2024 முதல் இந்தியாவுக்கும் திறந்துவிடப்பட்ட, ஆண்டுக்கு 1,000 பேரைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கும் வேலை மற்றும் விடுமுறை விசாவில் வந்தவர். டல்லி பக்கம் வாழைத் தோட்டத்தில் தார் சுமக்கும் வேலை. இடது தோளில் குடைகிற வலி, கையில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு. "பை பாரம் டாக்டர், வாழைத்தார் வேறு தூக்குகிறேன்" என்று அவரே காரணத்தையும் சொல்லிவிட்டார். நோயாளி காரணத்தோடு வந்தால் மருத்துவர் சற்றுச் சோம்பேறியாகிவிடுவார். நானும் ஆனேன். தோளை அசைத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் தடையில்லாமல் அசைந்தது. அழுத்தினால் வலி கூடவில்லை. தசைப்பிடிப்பு இப்படி நடந்துகொள்ளாது.

"தம்பி, தண்ணீருக்குள் போனீர்களா?"

"போனேன் டாக்டர். காலையில் மில்லா மில்லா அருவியில்."

"அதற்கு முன்?"

"நேற்று கடலில். மூன்று டைவ்."

முதுகில் காற்று சிலிண்டரோடு ஆழத்துக்கு மூழ்கும் ஸ்கூபாவுக்கு அந்தமானில் சான்றிதழ் வாங்கியவர். பகல் படகில் போய், பதினாறு பதினேழு மீட்டர் ஆழத்துக்கு மூன்று முறை இறங்கியிருக்கிறார். மூன்றாவது முறை மேலே வந்தது பிற்பகல் இரண்டரை மணி. ஐந்து மணிக்குப் படகு துறைக்குத் திரும்பியது. அங்கே நண்பர் பழைய வேனோடு காத்திருந்தார். இரவே மலைக்குப் போய் யுங்கபுராவில் தங்கினால் விடியற்காலையில் கூட்டமில்லாமல் அருவி பார்க்கலாம், ஒரு நாள் மிச்சம் என்று கணக்கு. கில்லீஸ் மலைச்சாலையில் ஏறினார்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் என்று நாம் பெருமைப்படுகிறோம். இந்தச் சாலையில் 19 கிலோமீட்டருக்குள் 263 வளைவுகள். ஏறத்தாழ 800 மீட்டர் உயரம் ஏறிவிடும். இரவு பத்து மணிக்குத் தோள் குடையத் தொடங்கியது. மாத்திரை போட்டார், வெந்நீரில் குளித்தார், காலையில் அருவிக்கும் போனார்.

நடந்தது இதுதான். கடலில் பத்து மீட்டர் ஆழத்தில் உடலின் மீதான அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து தங்கும். மேலே வந்தபின் அது மெல்ல மெல்ல நுரையீரல் வழியாக வெளியேற வேண்டும். மெல்ல என்றால் மணிக்கணக்கில். படகு கரைக்கு வந்துவிட்டது என்பது நமக்குத்தான் தெரியும். கரைந்த நைட்ரஜனுக்குத் தெரியாது. அது வெளியேறி முடிவதற்குள் மலை ஏறினால் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் குறைகிறது. 800 மீட்டரில் சுமார் ஒன்பது விழுக்காடு. சோடா மூடியைத் தளர்த்துவது போலத்தான். கரைந்திருந்தது குமிழியாகிறது. மூட்டில் நின்றால் வலி, நரம்பில் நின்றால் மரத்துப்போதல், முதுகுத்தண்டில் நின்றால் கால்கள் செயலிழப்பதும் உண்டு. பெண்ட்ஸ் என்று டைவர்கள் சொல்வது இதைத்தான்.

விமானத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாதுகாப்புக்கு 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளச் சொல்பவர்கள்தான் அதிகம். மலையைத்தான் மறந்துவிடுகிறார்கள். 300 மீட்டரைத் தாண்டிய உயரம் எதுவாக இருந்தாலும் அதே காத்திருப்புப் பொருந்தும். கேர்ன்ஸைச் சுற்றிப் பார்ப்பதற்கு இருப்பவற்றில் பாதி அதற்கு மேலேதான். மழைக்காட்டின் மீது போகும் ரோப்கார் ரெட் பீக் நிலையத்தில் 545 மீட்டரைத் தொடுகிறது. ரயிலில் போகும் குராண்டா ஊரே 300 மீட்டருக்குச் சற்று மேல். மில்லா மில்லா, ஸில்லி, எலிஞ்சா என்று அருவிகளை வளையமாகச் சுற்றிக் காட்டும் ஆதர்ட்டன் பீடபூமி 700 மீட்டருக்கு மேல். வேன் ஓட்டுநரிடம் "நேற்று டைவ் செய்தேன்" என்று சொன்னால் அவர் உங்களைக் கீழே விட்டுவிட்டுப் போவார். அதற்குப் பயந்துதான் பலர் சொல்வதில்லை.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இது ஸ்கூபாவுக்கு மட்டும். முகமூடியும் மூச்சுக்குழாயும் வைத்து மேலே மிதந்து மீன் பார்க்கும் ஸ்நோர்கெலிங்குக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. நம் ஊரில் முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்று மூழ்குவதற்கே 'குளி' என்ற சொல் இருக்கிறது. மூச்சடக்கிக் குளித்தவர்கள் நீருக்கடியில் காற்றைச் சுவாசிப்பதில்லை. சிலிண்டர் வந்தபிறகுதான் சிக்கல் பெரிதாகிறது.

அந்தத் தம்பிக்கு முகமூடி வழியாக முழு ஆக்ஸிஜன் கொடுத்தோம், ரத்தக்குழாயில் திரவம் ஏற்றினோம். உயர் அழுத்த அறை இருப்பது 350 கிலோமீட்டர் தெற்கே, டவுன்ஸ்வில்லில். விமானத்தில் அனுப்பலாம்தான், ஆனால் உள் அழுத்தத்தைக் கடல்மட்ட அளவிலேயே வைத்துக்கொண்டு பறக்க வேண்டும். முதல் சிகிச்சையே ஏறத்தாழ ஐந்து மணி நேரம்: 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் மீண்டும் 'இறக்கி', ஆக்ஸிஜன் கொடுத்து, மெல்ல மேலே கொண்டுவருவார்கள். இந்தியாவோ இலங்கையோ ஆஸ்திரேலியாவோடு பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகள் அல்ல, அதனால் செலவு நம் தலையில்தான். பயணக் காப்பீடு வாங்குபவர்கள் ஸ்கூபா என்ற சொல் அதில் எங்கே, எப்படி இருக்கிறது என்று வாசித்துவிட்டு வாங்குங்கள். விதிவிலக்குப் பட்டியலில் இருந்தால் அந்தக் காகிதம் பஜ்ஜி மடிக்கத்தான் உதவும்.

ஆகவே என் வரிசை இது. முதல் நாள் அருவி. இரவு மலையிலிருந்து இறங்கிவிடுங்கள். இரண்டாம் நாள் கடல். மூன்றாம் நாள் கரையிலேயே சும்மா இருங்கள். கேர்ன்ஸ் கடற்கரையோரம் பொதுமக்களுக்கான பெரிய உப்புநீர்க் குளம் இருக்கிறது, கட்டணமில்லை, முதலையும் இல்லை. நான்காம் நாள் பறந்து போங்கள்.

கடலுக்குப் போகும் படகில் ஏறியதும் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், சர்க்கரை, தற்போது சாப்பிடும் மாத்திரைகள். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று ஒரே கோடாக இழுத்துவிடுவது இளைஞர்களின் வழக்கம். நம்மவர்களிடம் இதில் இன்னொரு வகை உண்டு: பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவின் படிவத்தை மகளோ மகனோ நிரப்புவது. அறுபத்தாறு வயது அப்பா, இதயத்தில் ஸ்டென்ட், காலையில் ஐந்து மாத்திரை. படிவத்தில் ஒன்றும் இல்லை. "சொன்னால் தண்ணீரில் இறக்க மாட்டார்கள் டாக்டர், இவ்வளவு தூரம் வந்துவிட்டு..." என்று மகள் அழுதுகொண்டே சொன்னாள். அப்பா பிழைத்துக்கொண்டார், படகுக்காரர்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததால்.

அவர்கள் பொதுவாக இறக்காமல் விடுவதில்லை என்பதுதான் இதில் வேதனை. ஆபத்து அதிகம் உள்ளவர் என்று சொன்னால் மிதவை உடை தருவார்கள், தூரத்திலிருந்தே தெரியும்படி அடையாளம் வைப்பார்கள், துணையோடு போகச் சொல்வார்கள், காவலர் கண் அவர் மீது இருக்கும். 2016 நவம்பரில் ஒரே வாரத்தில் மூன்று வெளிநாட்டுப் பயணிகள் அங்கே ஸ்நோர்கெலிங்கில் இறந்த பிறகு குயின்ஸ்லாந்து அரசு விதிகளை இப்படி இறுக்கியது. கழுத்தளவு தண்ணீரில் இறங்கினாலே கால்களிலிருந்து அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் நெஞ்சுக்கு ஏறும். இளம் இதயம் அதைக் கவனிக்கவே கவனிக்காது. ஓட்டை உடைசலான இதயத்துக்கு அது பெரிய சுமை. அலையும் பதற்றமும் குழாய் வழி மூச்சும் சேர்ந்தால் சத்தமே இல்லாமல் நின்றுவிடும். கைகால் உதைத்துக் கூச்சலிடுவதெல்லாம் திரைப்படத்தில். ஸ்நோர்கெலிங்கில் இறப்பவர் குப்புற மிதந்துகொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பவருக்கு அவர் மீன் பார்ப்பதாகவே தோன்றும்.

படகில் திரும்பத் திரும்பத் தலை எண்ணுகிறார்களே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். 1998 ஜனவரியில் ஓர் அமெரிக்கத் தம்பதியைத் திட்டிலேயே விட்டுவிட்டு ஒரு படகு திரும்பியது. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை.

நவம்பர் முதல் மே வரை ஜெல்லி மீன் காலம். நம் கடலோரத்தில் சொறி என்பார்கள். பெட்டி வடிவச் சொறி பட்டால் உடனே தெரியும், அலறுவார்கள். இருகாஞ்சி என்ற சிறிய வகை வேறு மாதிரி. உடல் ஒரு சென்டிமீட்டர் அளவுதான், பட்டதே பலருக்குத் தெரியாது. அரைமணி நேரம் கழித்து இடுப்பு முறிவது போல வலி, வாந்தி, வியர்வை, ஏறிக்கொண்டே போகும் ரத்த அழுத்தம், கூடவே "நான் சாகப் போகிறேன்" என்ற தீர்மானம். அந்தக் கடைசி அறிகுறியைப் பாடப்புத்தகத்தில் படித்தபோது நான் சிரித்தேன். நேரில் பார்த்தபின் சிரிக்கவில்லை. இந்த நோய்க்கு அந்தச் சொறிதான் காரணம் என்று நிரூபிக்க, 1961இல் ஜாக் பார்ன்ஸ் என்ற கேர்ன்ஸ் மருத்துவர் அதைப் பிடித்துத் தன் மீதும், ஒன்பது வயது மகன் மீதும், ஓர் உயிர்காப்பாளர் மீதும் கொட்ட வைத்தார். மூவரும் மருத்துவமனைக்குப் போனார்கள், மூவரும் பிழைத்தார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அவரை வாசலிலேயே நிறுத்திவிடும். படகில் தரும் மெல்லிய முழு உடை அசிங்கமாக இருக்கிறது என்று புகைப்படத்துக்காகக் கழற்றாதீர்கள். பட்டுவிட்டால் வினிகரை அரை நிமிடமாவது ஊற்றுங்கள். கடற்கரைகளில் அதற்கென்றே பாட்டில் வைத்திருக்கிறார்கள்.

அருவிக்கு வருகிறேன். கேர்ன்ஸுக்குத் தெற்கே பாபிண்டா என்ற ஊரில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதற்கும் தெற்கே டல்லியில் 1950ஆம் ஆண்டு பெய்த மழையின் உயரத்துக்கு, 7.9 மீட்டரில், ஒரு தங்க நிற ரப்பர் பூட்ஸைச் சிலையாக நிறுத்தியிருக்கிறார்கள். இந்த மழையெல்லாம் முதலில் விழுவது குயின்ஸ்லாந்தின் மிக உயர்ந்த பார்ட்டில் ஃப்ரியர் சிகரத்தையும் அதன் தம்பிகளையும் ஒட்டி. ஜோசஃபின் அருவி அந்தச் சிகரத்தின் காலடியில் இருக்கிறது. வழுக்குப் பாறையில் சறுக்கிக் குளத்தில் விழுவதற்காகவே வேன்கள் வருகின்றன. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே கொட்டிக்கொண்டிருக்கும், நிமிடங்களில் நீர்மட்டம் ஏறிவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் ஒரு மாணவனை அடித்துச் சென்ற வெள்ளமும் இப்படி வந்ததுதான். குற்றாலத்தில் போலீஸ்காரர் விசில் ஊதி வெளியேற்றுவார். ஜோசஃபினில் எச்சரிக்கைப் பலகையும் ஒலிக்கருவியும் இருக்கின்றன, கையைப் பிடித்து இழுக்க ஆள் இல்லை. தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, இலைச்சருகு அதிகமாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ செருப்பைத் தேடாமல் ஏறிவிடுங்கள். பாபிண்டா பாறைகளில் குளிப்பதற்கென்று விட்டிருக்கும் இடம் அமைதியானது. சற்றுக் கீழே பாறைகளுக்கு இடையே நீர் சுழித்துப் புகும் பகுதியில் இறங்கத் தடை. வேலி தாண்டி இளைஞர்கள் பலர் அங்கே இறந்திருக்கிறார்கள். உடல் வெளியே வரவே நாள்கணக்காகலாம்.

சின்ன விஷயம் ஒன்று. அருவிப் பாதையோரம் இதய வடிவில் பெரிய, மெத்தென்ற இலையோடு ஒரு செடி நிற்கும். ஜிம்பி ஜிம்பி. நம் செந்தட்டியின் கொள்ளுப்பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வலி மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். தேய்க்காதீர்கள், முள்ளிழைகள் உடைந்து உள்ளேயே தங்கும். முடி நீக்கும் மெழுகுப் பட்டையை ஒட்டி இழுத்தால் அவை வெளியே வரும். எங்கள் பிரிவின் அலமாரியில் ஊசி மருந்துகளுக்குப் பக்கத்தில் அழகு நிலையப் பொருள் ஏன் இருக்கிறது என்று புதிதாக வரும் மருத்துவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அருவியில் குளித்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், குளித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் அங்கே வாழைத் தோட்டத்திலும் உண்டு, வெள்ளம் கலந்த ஓடையிலும் உண்டு.

நான்காவது நாள் டவுன்ஸ்வில்லுக்குத் தொலைபேசியில் பேசி நம் தம்பியை விசாரித்தேன். வலி போய்விட்டது, விரல் நுனியில் மட்டும் லேசான மரமரப்பு. பல வாரங்களுக்கு டைவ் கிடையாது, விமானமும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். டல்லிக்குப் பஸ்ஸில் கிளம்பப்போகிறார்.

"டாக்டர், வழியில் மலை ஏதாவது இருக்கிறதா?"

கார்ட்வெல் வருவதற்கு முன் ஒரு சிறு ஏற்றம் இருக்கிறது, 300 மீட்டருக்கு வெகு கீழே, பயப்படாமல் போங்கள் என்றேன்.